வாக்கர் வாங்குறதுக்கு முன்னாடி அளவு எடுங்க (இழை)

1/ போன மாசம் தேவாரத்துல இருந்து ஒரு அம்மாச்சி எங்க ஓ.பி.க்கு வந்தாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம். நெத்தியில ரத்தம், நாலு தையல் போட்டோம். எப்படி விழுந்தீங்கன்னு கேட்டேன். "இந்தா, இதைப் பிடிச்சு நடந்துதான் விழுந்தேன் சாமி"ன்னு வாக்கரைக் காட்டினாங்க.

2/ அது பக்கத்து வீட்டுத் தாத்தாவோட வாக்கர். அவர் தவறின பிறகு "சும்மாதானே கிடக்கு"ன்னு குடுத்திருக்காங்க. தாத்தா ஆறடி. அம்மாச்சி அஞ்சடி. கைப்பிடி முழங்கைக்கு மேல நிக்குது. தோளைத் தூக்கிக்கிட்டே எத்தனை நாள் நடக்க முடியும்? அடுத்தவர் செருப்பை மாட்டிக்கிட்டு மலையேறச் சொன்ன மாதிரிதான் இது.

3/ அந்த வாக்கரோட நாலு கால்லயும் பட்டன் இருக்கு. அழுத்தினா உயரம் குறையும். வீட்டுல யாருக்கும் தெரியல. யாரும் சொல்லித் தரல.

4/ யார் குற்றம்? முதல் குற்றவாளி நாங்க, டாக்டர்கள். மாத்திரைக்கு காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதுறோம். வாக்கருக்கு மட்டும் "வாக்கர் துணையுடன் நடக்கவும்"னு ஒரே வரி. எந்த வகை, என்ன உயரம், எந்தக் கால் முதல்ல? ஒண்ணும் கிடையாது. கூட்டம் அதிகம்னு காரணம் சொல்லலாம். அது காரணம்தான், நியாயம் இல்ல.

5/ ரெண்டாவது, ஆளைப் பார்க்காமலே எடுத்துக் குடுக்கிற கடை. மூணாவது, சென்னையிலயோ துபாய்லயோ இருந்துக்கிட்டு ஆன்லைன்ல ஆர்டர் போடுற பிள்ளைகள். நாலு சக்கரம், சீட்டு, கூடை, பிரேக், விலையும் ஜாஸ்தி. அப்போ நல்லதாத்தான் இருக்கும்னு நினைப்பு. உங்க பாசத்தைக் குறை சொல்லல. ஆனா விலை அதிகமானது உங்க அம்மாவுக்குப் பொருந்தணும்னு அவசியமில்ல.

6/ அந்த நாலு சக்கர வண்டிக்குப் பேரு ரோலேட்டர். 1978ல அதை உருவாக்கினவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க். அவரே போலியோவால பாதிக்கப்பட்டவர். அருமையான கண்டுபிடிப்பு. ஆனா அது கால்ல பலம் இருந்தும் கொஞ்ச தூரத்துல மூச்சு வாங்கி, உட்கார இடம் தேடுறவங்களுக்கு. பிரேக்கைச் சரியாப் பிடிக்கவும் தெரியணும். உடம்போட பாரத்தைக் கையில போட்டு நடக்க வேண்டியவங்க சாய்ஞ்சா, அது முன்னால ஓடிரும். அதுவும் மலையடிவாரத்துச் சரிவான தெருவுல?

7/ பொதுவா யாருக்கு எது?
• சக்கரமே இல்லாத, நாலு ரப்பர் கால் வாக்கர்: ஆபரேஷன் முடிஞ்சவங்க, பாரத்தைக் கையில தாங்க வேண்டியவங்க. தூக்கி வைக்க கையில தெம்பு வேணும்.
• முன்னால மட்டும் ரெண்டு சக்கரம்: தூக்கி வைக்க முடியாதவங்க. நடுக்குவாதம் இருக்கிற பலருக்கும் இது வசதி.
• ஒரு முழங்கால் மட்டும் வலியா? பல பேருக்கு கைத்தடியே போதும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கணும்.
• பக்கவாதத்துல ஒரு கை வேலை செய்யலையா? சாதாரண வாக்கர் ஆகாது. பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காம வாங்காதீங்க.

8/ உயரம் பார்க்கிறது ரெண்டு நிமிஷ வேலை. வீட்டுல போடுற செருப்போட நிமிர்ந்து நிக்க வைங்க. கை ரெண்டும் சும்மா தொங்கட்டும். கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வரணும். பிடிச்சா முழங்கை லேசா மடங்கணும். நாலு காலும் ஒரே துளையில இருக்கான்னு பாருங்க. கடைசித் துளைக்கு இறக்கியும் உயரமா இருந்தா அது உங்களுக்கான வாக்கர் இல்ல, சின்ன அளவு கேளுங்க. அடியில ரப்பர் புஷ் தேய்ஞ்சிருந்தா உடனே மாத்துங்க.

9/ நடக்கிறப்போ முதல்ல வாக்கர், அடுத்து பலவீனமான கால், கடைசியா நல்ல கால். கட்டில்ல இருந்து எழும்போது வாக்கரைப் பிடிச்சு இழுக்காதீங்க, அது கவுந்துரும். கட்டிலை ஊன்றி எழுந்து, அப்புறம் வாக்கரைப் பிடிங்க. மாடிப்படிக்கு வாக்கர் வேண்டாம்.

10/ ஆளை அளந்தாச்சா? இப்போ வீட்டையும் அளங்க. கக்கூஸ் கதவு வழியா வாக்கர் நுழையுமா? நுழையலைன்னா அதை வெளியவே விட்டுட்டு, ராத்திரி இருட்டுல சுவரைத் தடவிக்கிட்டு உள்ளே போவாங்க. அங்கதான் விழுவாங்க. சுவர்ல ஒரு கம்பி, ஒரு லைட்டு போடுங்க. வழியில கிடக்கிற மிதியடியை எடுத்துருங்க.

11/ "வாக்கர் வாங்கிக் குடுத்தா அப்படியே முடங்கிருவாங்க, ஊரு என்ன நினைக்கும்?"னு கேட்கிறவங்களுக்கு: விடியுறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டுக்குப் போய், சரிவுல குத்தவெச்சு செடியோட அடியில காய் எடுத்த கால் அது. அது தேய்ஞ்சதுல என்ன அவமானம்? முடக்குறது வாக்கர் இல்ல, படுக்கை. படுக்கைப்புண், நுரையீரல்ல சளி கட்டுறது, கால்ல ரத்தம் உறையுறது எல்லாம் படுத்தவங்களைத் தேடித்தான் வரும்.

12/ காசு இல்லையா? 60 வயசுக்கு மேல, வறுமைக்கோட்டுக்குக் கீழ அல்லது மாச வருமானம் 15,000க்குள்ள இருக்கிறவங்களுக்கு, மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்துல (2017 முதல்) வாக்கர், கைத்தடி இலவசம். முகாம் எப்போன்னு கலெக்டர் ஆபீஸ்ல விசாரிங்க. 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிங்க. கேட்க வெட்கப்படாதீங்க, இது பிச்சை இல்ல.

13/ அம்மாச்சி விஷயத்துக்கு வர்றேன். நாலு பட்டனையும் அழுத்தி இறக்கினோம். வார்டு வராந்தாவுல ரெண்டு நடை நடக்க வெச்சோம். தோள் இறங்குச்சு, முதுகு நிமிர்ந்துச்சு. "இதை அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?"னு மகள் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

14/ இன்னிக்கு சாயங்காலம் உங்க வீட்டு வாக்கரை ஒரு தடவை பாருங்க. அடுத்த தடவை டாக்டர் சீட்டுல "வாக்கர்"னு எழுதினா, எழுந்து வந்துறாதீங்க. "எது, எவ்ளோ உயரம், நடக்க வெச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. நாங்க கோபப்பட்டாலும் பரவாயில்ல, கேளுங்க.