கைதட்ட வந்தவரை விரட்டலாமா?



ஒரு கால்பந்து கிளப்புக்கு உயிர் எது? ஆட்டக்காரர்கள் என்று உடனே சொல்வீர்கள். ஆனால் ஆட்டக்காரர் இன்று இந்த கிளப், நாளை வேறு கிளப். பயிற்சியாளரும் மாறுவார். சட்டை டிசைன்கூட வருஷா வருஷம் மாறுது. மாறாதவர் ரசிகர் ஒருவர்தான். இங்கிலாந்தில் தாத்தா பார்த்த கிளப்பையே பேரனும் பார்ப்பானாம். மழையில் நனைந்து, குளிரில் நடுங்கி, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தோற்றாலும் மறுவாரம் போய் நிற்பார்கள்.

அப்படிப்பட்ட ரசிகர் ஒருவர் தன் சொந்த கேலரியிலேயே பயந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் பலருக்கு அங்கே நிலைமை அதுதான். கோல் போட்டால் மற்றவர்களோடு சேர்ந்து குதிக்கலாம். ஆனால் தான் யார் என்பதை மட்டும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. ஏன்னா, சுற்றி இருப்பவர்கள் பாடும் பாட்டே அவரைக் கேலி செய்யும் பாட்டு.

இவர்களை எப்படிக் குறிப்பிடுவது என்று சிலருக்குத் தயக்கம் வரும். கேலிச் சொல்தான் நமக்கு நிறையத் தெரியும், மரியாதைச் சொல் தெரியாது. சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்ன பிறகு, 2022-ல் தமிழக அரசே மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. நான் இங்கே தன்பால் ஈர்ப்பாளர் என்று எழுதுகிறேன்.

ஜஸ்டின் ஃபஷானு என்ற ஆட்டக்காரரைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் நார்விச் கிளப்புக்கு ஆடினார். 1980-ல் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோல் அந்த சீசனின் சிறந்த கோல் என்று பரிசு பெற்றது. 1981-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் 10 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அவ்வளவு விலைக்குப் போன முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் அவர் தன்பால் ஈர்ப்பாளர் என்ற பேச்சு காதில் விழுந்ததும் அந்த கிளப்பின் மேலாளர் அவரை அணியோடு பயிற்சி செய்யவே விடவில்லை. 1990-ல் ஃபஷானு துணிந்து பத்திரிகையில் உண்மையைச் சொன்னார். கேலரியில் கேலி. சொந்தத் தம்பியும் அவரை ஒதுக்கிப் பேசினார். தம்பி அதற்காகப் பின்னால் ரொம்ப வருத்தப்பட்டார். 1998-ல் 37 வயதில் ஃபஷானு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சாவுக்கு ஒரே காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் துணையாக ஒரு கை நீண்டிருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020-ல் அவரைக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். மாலை போட்டார்கள், சரி. ஆனால் மாலை வாங்க ஆள் இல்லையே!

அவருக்குப் பிறகு பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே உண்மையைச் சொன்ன அடுத்த ஆண் தொழில்முறை ஆட்டக்காரர் எப்போது வந்தார் தெரியுமா? 2022-ல். பெயர் ஜேக் டேனியல்ஸ். பிளாக்பூல் கிளப். வயது 17. நம்ம ஊர் பிளஸ் டூ அண்ணன்களின் வயசு! நடுவில் 32 வருஷம். அந்த 32 வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் ஆடியிருப்பார்கள்? ஒருவர்கூடத் தன்பால் ஈர்ப்பாளர் இல்லையா? இருந்திருப்பார்கள். வாய் திறக்கப் பயம். ஆட்டக்காரருக்கே இந்தப் பயம் என்றால் சாதாரண ரசிகருக்கு எவ்வளவு இருக்கும்! டேனியல்ஸ் சொன்னபோது அவருடைய கிளப் அவர் பக்கம் நின்றது. அதைத்தான் பாராட்ட வேண்டும்.

பெண்கள் கால்பந்தில் நிலைமை வேறு. 2019 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் மேகன் ரபீனோ தங்கக் காலணியும் வாங்கினார், தங்கப் பந்தும் வாங்கினார். அப்போது அவர் தன்னைப் பற்றி மறைக்கவில்லை. அதனால் ஆட்டம் கெட்டுப் போச்சா? கோப்பையே அவர்களுக்குத்தான் கிடைத்தது.

சிலர் கேட்கலாம், "மேட்ச்னா கத்தத்தான் செய்வாங்க, இதுக்கெல்லாம் கோபப்படலாமா?" என்று. இதே பதிலை முன்பு இன்னொரு விஷயத்துக்கும் சொன்னார்கள். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குரங்கு மாதிரி கத்துவார்கள், வாழைப்பழம் எறிவார்கள். 1988-ல் லிவர்பூலின் ஜான் பார்ன்ஸ் தன்மேல் எறிந்த பழத்தைக் குதிகாலால் தட்டிவிட்ட படம் உலகப் புகழ் பெற்றது. அதையும் சும்மா தமாஷ் என்றுதான் சொன்னார்கள். பிறகு 1991-ல் மைதானத்தில் இனவெறிக் கோஷம் போடுவது குற்றம் என்று சட்டம் வந்தது. 1993-ல் அதற்கு எதிராகப் பிரசாரம் தொடங்கியது. முழுசா ஒழிந்துவிடவில்லை. 2021 யூரோ இறுதிப் போட்டியில் பெனால்டி தவறவிட்ட மூன்று கறுப்பின இளைஞர்களை இணையத்தில் எவ்வளவு கேவலமாகத் திட்டினார்கள்! ஆனாலும் இன்று வாழைப்பழம் எறிபவனைப் பார்த்து யாரும் தமாஷ் என்று சிரிப்பதில்லை. வழக்கம் மாறும் என்பதற்கு இதுவே சாட்சி.

இதிலும் மாற்றம் தொடங்கிவிட்டது. தன்பால் ஈர்ப்பாளர்களான கால்பந்து ரசிகர்கள் 1989-லேயே ஒரு சங்கம் அமைத்தார்கள். 2013-ல் ஆர்சனல் ரசிகர்கள் தங்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார்கள். பிறகு பல கிளப்களில் அப்படிக் குழுக்கள் வந்தன. செல்சீ அணியைத் திட்டும் ஒரு பழைய கோஷம் உண்டு. அதை இந்தத் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. அது தன்பால் ஈர்ப்பாளர்மீது வெறுப்பைக் காட்டும் குற்றமாகக் கருதப்படும் என்று அரசு வழக்குத் துறை 2022-ல் அறிவித்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து சாங்க்ட் பவுலி கிளப்புக்கு 2002 முதல் 2010 வரை தலைவராக இருந்தவரே வெளிப்படையான தன்பால் ஈர்ப்பாளர்தான். அவர் தலைவரானதால் கிளப் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

ஆனால் பெரிய இடங்களில்தான் பின்வாங்குகிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் கேப்டன்கள் வண்ணப் பட்டை கட்டினால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியது. ஏழு அணிகளும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டன. ஜெர்மனி அணியினர் வாயைப் பொத்திப் படம் எடுத்துக் கொண்டார்கள். வேல்ஸ் ரசிகர்கள் சிலரின் வானவில் தொப்பியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு தொப்பி யாரை என்ன செய்துவிடும்? 2034 உலகக் கோப்பையை சவூதி அரேபியாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தன்பால் ஈர்ப்பு அங்கே சட்டப்படி குற்றம். அந்த ரசிகர்கள் எப்படிப் போவார்கள்?

என் கருத்தில் கிளப்கள் செய்ய வேண்டியவை இவை:

1. வருஷத்தில் ஒரு வாரம் வானவில் நிற ஷூ லேஸ் கட்டினால் மட்டும் போதாது. மீதி 51 வாரமும் அதே ரசிகர் வருகிறாரே!

2. கேலி செய்து கத்தினால் என்ன தண்டனை என்பதை டிக்கெட்டிலும் வாசல் பலகையிலும் எழுத வேண்டும். எழுதியதைச் செய்யவும் வேண்டும்.

3. புகார் சொன்னால் "அதெல்லாம் சகஜம்" என்று திருப்பி அனுப்பாத மாதிரி மைதான ஊழியர்களைப் பழக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்பேசியில் செய்தி அனுப்ப வசதி இருந்தால் பயப்படுகிறவரும் சொல்வார்.

4. அந்த ரசிகர் குழுக்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்காமல் நாமே முடிவு செய்யக் கூடாது.

5. பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாது. "போதும் நிறுத்துப்பா" என்று ஒருவர் சொன்னாலே பாதி சத்தம் அடங்கும். இதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை.

"இங்கிலாந்துக் கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பி.டி. பீரியடில் பந்தைத் தவறவிட்ட பையனை என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "பொட்டப் புள்ள மாதிரி ஆடுறான் பாரு" என்பார்கள். அந்தப் பையனுக்கும் அவமானம், ஓரமாக நின்று பார்க்கும் எங்களுக்கும் அவமானம். பெண்ணாக இருப்பதே ஒரு வசவா? அங்கே கேலரியில் கத்துவதும் இங்கே நாம் கத்துவதும் ஒரே மரத்துக் காய்தான். இரண்டுமே, ஆண் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று அடித்துச் சொல்வது.

எதிரணியைக் கிண்டல் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோல் கீப்பர் பந்தை விட்டால் சிரியுங்கள். அது ஆட்டத்தில் நடந்தது. ஒருவர் பிறப்பால் எப்படி இருக்கிறாரோ அதை வைத்துச் சிரிப்பது மட்டும் வேண்டாம். நம்ம அணிக்குக் கைதட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் நம்ம ஆள்தானே?

இதில் மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் அடுத்த மாதத் தாளுக்கு எழுதித் தாருங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி