இல்லாத பாடலுக்கும் ஓர் எண் உண்டு

ஐங்குறுநூற்றைப் போலக் கணினிக்கு இணக்கமான அமைப்புடைய நூல் எட்டுத்தொகையில் வேறில்லை. திணை ஐந்து, திணைக்கு நூறு பாடல், நூறும் பத்துப் பத்தாய்ப் பகுக்கப்பட்டவை. பைத்தான் மொழியில் எழுதப் புகுந்தால் பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள்ளும் பட்டியல் என மூன்றடுக்காய்த் தானே அமைந்துவிடும். ஆனால் நெய்தலில், கிழவற்கு உரைத்த பத்தில், 129, 130 ஆகிய இரு பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்விரு இடங்களில் எதை வைப்பது என்பதில்தான் வழக்குத் தொடங்குகிறது.

ஒன்றும் வையாது விட்டால் அந்தப் பத்து எட்டாகும். அடுக்கைக் கலைத்து ஒரே வரிசையாக்கினால், 131 ஆக இருக்க வேண்டிய பாடல் 129 ஆகிவிடும். அது முதல் 500 வரையுள்ள 370 பாடல்களும் இவ்விரண்டு எண் பின்தங்கும். உரைகளும் ஆய்வேடுகளும் தரும் பாடலெண்கள் அத்தனையும் பிழைபடும். புறநானூற்றில் 267, 268, நற்றிணையில் 234. அங்கும் இதே கதைதான். தரவைத் துப்புரவு செய்கிறோம் என்று காலியிடங்களைக் களைவது பதிப்புக் குற்றம் என்பதே நம் துணிபு.

இடத்தை விட்டுவைத்தால் மட்டும் போதுமா? போதாது. பைத்தானில் வெறுமைக்கு முகங்கள் பல. மதிப்பே இல்லை என்று சொல்லும் 'நன்' ஒன்று. எழுத்தே இல்லாத சரம் ஒன்று. வெற்றிடங்கள் மட்டும் கொண்ட சரம் வேறு. உறுப்பில்லாப் பட்டியல் வேறு. 'இஃப் நாட்' என்று பொதுப்படக் கேட்டால் நன்னும், வெற்றுச் சரமும், வெற்றுப் பட்டியலும், சுழியமும் ஒரே குரலில் தாம் காலி என்கின்றன. வெற்றிடங்கள் நிறைந்த சரமோ தான் காலியில்லை என்று சாதிக்கிறது. ஒவ்வொரு பாடலிலும் சிதைந்த அடிகள் எத்தனை என்று குறித்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். 0 என்றால் பாடல் பழுதின்றிக் கிடைத்தது என்று பொருள். அதையும் கிடைக்காத பாடலையும் ஒரே குவியலில் தள்ளுகிறது இச்சோதனை. உயிரோடிருப்பவரை இறப்புப் பதிவேட்டில் எழுதுவது போன்ற வேலை இது! ஆகவே 'இஸ் நன்' என்று குறித்துக் கேட்க வேண்டும். சரமாயின் 'ஸ்ட்ரிப்' கொண்டு இருபுற வெற்றிடத்தையும் நீக்கிய பின்னரே கேட்க வேண்டும்.

அடுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. வெளிப்பட்டியலிடம் 'உன்னுள் நன் உண்டா' என்றால், அது தன் நேர் உறுப்புகளை மட்டும் பார்த்து இல்லையென்றுவிடும். பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அவற்றை வெற்றுப் பட்டியல்களாக இட்டால் நூலின் நீளம் பத்தாகவே நிற்கும். முதற் பத்திடம் 'ஆல்' கொண்டு 'உன் பாடல்கள் அனைத்தும் நிரம்பியவையா' என்று கேளுங்கள்; 'ஆம்' என்றே விடை வரும். மறுத்துச் சொல்ல அங்கே ஒரு பாடல்கூட இல்லையல்லவா? தருக்க நூலார்க்கு இது முறையே, பதிப்பாசிரியர்க்கு ஆகாது. பத்து இடங்களை அமைத்துப் பத்திலும் நன் வைப்பதே தகும்.

தேடுவதற்குத் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ஒன்று போதும்: பட்டியலைக் கண்டால் உள்ளே இறங்கும், அல்லாததைக் கண்டால் சோதிக்கும். சரத்துக்குள் மட்டும் இறங்கவிடலாகாது. ஓரெழுத்துச் சரத்தின் உறுப்பு அதே ஓரெழுத்துச் சரமாதலின் இறக்கத்துக்கு முடிவிராது. செயற்கூறு தரும் விடையும் உண்டு, இல்லை என்பதோடு நில்லாமல் முகவரியாக இருக்க வேண்டும். 129ஆம் பாடலுக்கு 1, 2, 8 என்று வரும். சுழியத்திலிருந்து எண்ணுவதால் இரண்டாம் நூறு, மூன்றாம் பத்து, ஒன்பதாம் பாட்டு.

இத்தனைக்கும் தப்புவன உண்டு. புறநானூற்றுப் பதிப்புகள் சிதைந்த அடிகளைப் புள்ளிகளால் காட்டுகின்றன. கணினிக்கோ அப்புள்ளிகளும் நிரம்பிய சரமே. அவற்றைத் தனியே தேடலாம். குறுந்தொகை 40ஆம் பாடலின் ஆசிரியர் பெயரை எப்படித் தேடுவது? இயற்பெயர் கிடைக்காமல், பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று முன்னோர் நிரப்பிவிட்டனர். எந்தச் சோதனையும் அங்கே குறையைக் காணாது. இயற்பெயரா, தொடரால் வந்த பெயரா என்று அருகிலேயே இன்னொரு புலம் வேண்டும். குறுந்தொகையைத் தரவாக்கப் புகுவோர் அதனை முதல் நாளே சேர்த்துவிடுவது நல்லது.