பொம்மையிடம் சட்டை கேட்டவன்

இரண்டாம் பாகம் என்றாலே முதல் படத்தின் பெயரை வைத்துக் காசு பார்க்க எடுத்தது என்ற நினைப்பு நமக்கு ஊறிப்போயிருக்கிறது. யுனிவர்சல் நிறுவனம் 1940-இல் வெளியிட்ட ‘தி இன்விசிபிள் மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஜேம்ஸ் வேல் இயக்கிய 1933-ஆம் ஆண்டுப் படத்தில், கண்ணுக்குத் தெரியாதவனைக் கண்டு ஊரே நடுங்கியது. இதில் நடுங்குபவன் அவனேதான். ஜெஃப்ரி ராட்க்ளிஃப், உடன்பிறந்தவனைக் கொன்றதாகப் பழி சுமந்து தூக்குக்குக் காத்திருக்கிறான். முதல் படத்து விஞ்ஞானியின் சகோதரன் ஃபிராங்க் கிரிஃபின், ஆளை மறைக்கும் மருந்தைக் கொடுத்து அவனைத் தப்ப வைக்கிறான். சிறை அறையில் உடுப்பு மட்டும் கிடக்கிறது. மருந்து புத்தியைக் கலக்குவதற்குள் உண்மைக் கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நாயகன் வின்சென்ட் பிரைஸ். முகம் கடைசியில்தான் சிறிது நேரம் தெரிகிறது; அதுவரை குரலே நடிப்பு. காதலி ஹெலனிடம் குழைகிற அந்தக் குரலில் அதிகார வெறி ஏறிக்கொண்டே போவதை எந்த ஒப்பனையாலும் காட்டியிருக்க முடியாது.

தந்திரக் காட்சிகள் ஜான் ஃபுல்டனுடையவை. உடம்பு முழுக்கக் கறுப்பு வெல்வெட் சுற்றி, மேலே சட்டை மாட்டி, கறுப்புத் திரை முன் நடிக்க வைத்துப் படம் பிடித்து, பிறகு வேறு காட்சியோடு இணைப்பது இந்த வரிசைப் படங்களில் அவர் கையாண்ட வழி. இந்தப் படத்துக்காக அவர் பெயர் ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது. இன்ஸ்பெக்டர் சாம்ப்சன் ஊதும் சுருட்டுப் புகை, ஆளில்லாத இடத்தில் ஓர் ஆளின் விளிம்பை வரைகிறதே, அந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

இயக்குநர் ஜோ மே, கதையில் பங்குகொண்ட கர்ட் சியோட்மாக் இருவரும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர்கள். தேடப்படுபவனின் குளிரும் பசியும் இந்தப் படத்தில் இவ்வளவு உண்மையாக இருப்பதை அதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நிலக்கரி வண்டி மேல் நடக்கும் துரத்தலில் குண்டு பட்டு, ரத்தம் இழந்து, ஆடையின்றி அலைகிறான் ஜெஃப்ரி. வழியில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. அதனிடம் பேசி, அதன் துணிகளை வாங்கி உடுத்திக்கொள்கிறான். தமிழில் நாம் எடுத்த மாயாஜாலப் படங்களில் மறைவது ஒரு வரம். இங்கே மறைந்தவனுக்கு வாடைக்காற்றைத் தடுக்க ஒரு கந்தல் இல்லை. திகில் பட வரிசையில் இவ்வளவு இரக்கமான காட்சி எனக்குத் தெரிந்து குறைவு.

ஜெஃப்ரி குடும்பத்துக்குச் சொந்தமானது நிலக்கரிச் சுரங்கம். சாகக் கிடக்கும் அவனுக்கு அவனிடம் வேலை பார்ப்பவர்கள் ரத்தம் கொடுக்க முன்வருகிறார்கள். அந்த ரத்தம் ஏறியதும் உடல் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. திரைக்கதையை சியோட்மாக்குடன் சேர்ந்து எழுதிய லெஸ்டர் கோல் தீவிர இடதுசாரி. 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்ற பத்துப் பேரில் ஒருவர். முதலாளி உடலில் தொழிலாளி ரத்தம் ஓடும் அந்த முடிவை அவர் பெயரோடு சேர்த்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன்.