மாலை ஆறு மணிக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கட்டும்

நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது என்பது ஒருமுறையாவது போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வாரநாள், காலை பதினொரு மணி, துறையின் கருத்தரங்க அறை. வகுப்பிலிருந்து அப்படியே அழைத்துவரப்பட்ட மாணவர்கள் கடைசி வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முக்கால் மணி நேரம் கழிகிறது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தால், அவருக்கு மிஞ்சுவது அரைமணி. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, சுருக்கமாக முடிக்கச் சொல்லி மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு போகும். நன்றியுரை, நாட்டுப்பண், அவ்வளவுதான். வாயிலுக்கு வெளியே பேருந்துக்கு நிற்பவருக்கு உள்ளே இப்படியொன்று நடந்ததே தெரியாது.

இது மாற வேண்டும். ஆசியக் கலைகள் பற்றியும் பண்பாடு பற்றியும் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சொற்பொழிவுகளும் கலைநிகழ்ச்சிகளும் மாலை நேரத்தில், தமிழில், கட்டணமில்லாமல், ஊர்மக்கள் வந்து உட்காரும்படி நடக்க வேண்டும். இந்தப் பொருளை அறிந்தவர்களும் கூடங்களும் அறக்கட்டளைப் பணமும் ஏற்கெனவே பல்கலைக்கழகங்களிடம் இருக்கின்றன. ஊருக்குச் சொல்வதும் தங்கள் வேலைதான் என்ற எண்ணம்தான் இல்லை.

அந்த எண்ணம் இங்கே இருந்த காலம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர் வில்லியம் மேயர் பெயரிலான சொற்பொழிவுகளை 1946-47இல் நிகழ்த்திய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, சுமத்ராவை நடுவாகக் கொண்டு கடலாண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றைப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1949இல் அது நூலாகவும் வந்தது. தென்கிழக்கு ஆசிய வரலாற்றில் இறங்குகிறவர்கள் இன்றும் தொட்டுச் செல்லும் நூல் அது. அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளையோ வகுப்பறையோடு நிற்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. மன்றத்தில் கம்பராமாயணமும் கோகலே மன்றத்தில் சிலப்பதிகாரமும் ஆண்டுக்கணக்கில் சொன்னார். வேலை முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அவர் நிறுவிய அறக்கட்டளையின் நோக்கமும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் என்றே கொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டை நிரப்புவதற்காக யாரும் தாயின் பெயரில் பணம் கட்டுவதில்லை.

"யார் வருவார்கள்?" என்ற கேள்வியைத் துறைத்தலைவர்கள் பலர் கேட்கிறார்கள். காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவுக்கு யார் வந்தார்கள்? சென்னை மியூசிக் அகாதெமியில் மார்கழிக் குளிரில் காலை எட்டு மணிக்கு ஒரு ராகத்தின் நுணுக்கத்தைச் செயல்விளக்கத்தோடு கேட்க இன்றும் யார் வருகிறார்கள்? பேச்சைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு போன சமூகம் இது. வார நாள் முற்பகலில் வேலைக்குப் போகிறவர்களை எதிர்பார்த்துவிட்டு, மக்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

பல்கலைக்கழகம் மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இலங்கையின் பேராதனை சான்று. எதிரிவீர சரத்சந்திர அங்கே ஆசிரியராக இருந்தவர். ஜப்பான் சென்று நோ, கபுகி நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்து, நாடகம என்ற சிங்கள நாட்டார் நாடகத்தின் ஆடல்பாடலை எடுத்து 1956இல் 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். அந்த நாடகம வடிவத்துக்குத் தமிழ்க் கூத்தோடு உறவு உண்டு. அதே வளாகத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களை நோக்கித் திரும்பினார். வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட வடமோடிக் கூத்தை, அதைக் கற்பிக்கும் அண்ணாவிமாரைக் கொண்டே மாணவர்களுக்குப் பழக்கினார். இரவு முழுதும் நீள்வதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்' மேடையேற்றினார். பின்னர் 'இராவணேசன்' வந்தது. அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பிலேயே பேராசிரியராகிக் கூத்தின் தொடர்ச்சியைக் காத்தார்.

சுருக்கியதில் கூத்தின் உயிர் போய்விட்டது என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் படிப்பறியாதவர்களின் ஆட்டம் என்று நகரத்தார் ஒதுக்கிவைத்திருந்த ஒன்றைக் காசு கொடுத்துப் பார்க்கவும், அதைப் பற்றிச் சண்டை போடவும் வைத்தது அந்தப் பல்கலைக்கழகம்தானே. சிங்கள நாடகமும் தமிழ்க் கூத்தும் ஒரே வளாகத்தில், ஒரே பத்தாண்டுக்குள், ஆசிய மரபிலிருந்து தங்களைப் புதுப்பித்துக்கொண்டன. பிந்தைய ஆண்டுகளில் அந்நாட்டில் நடந்தவற்றை நினைத்தால், இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இன்னொரு வழியில் சென்றது. மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதனை 1963இல் அழைத்து வளாகத்திலேயே தங்கவைத்துக் கற்பிக்கச் சொன்னது. அவருடைய தமக்கை பாலசரஸ்வதியும் தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே கற்பித்தார்கள். அவர்களிடம் படித்த ஜான் ஹிக்கின்ஸ் திருவையாற்றில் பாடினார். அங்கே நவராத்திரி விழா பல ஆண்டுகளாக நடக்கிறது. பக்கத்து அரங்கில் ஜாவானிய காமெலான் வாத்தியங்கள் இருக்கின்றன. பரதத்தையும் காமெலானையும் ஒரே வளாகத்தில் கேட்கும் வாய்ப்பு கனெக்டிகட் மாநிலத்துச் சிற்றூர்க்காரருக்கு இருக்கிறது, கடாரம் கொண்டவனின் ஊர்க்காரருக்கு இல்லை.

இங்கே என்ன செய்யலாம் என்பதற்குத் தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மராட்டியர் காலத்தோடு தொடர்புடைய மராத்தி பேசும் குடும்பங்கள் தென் மாவட்டங்களில் அதைக் காத்துவருகின்றன. திரைக்குப் பின்னால் ஒரே ஆள் இராமனுக்கும் இராவணனுக்கும் கோமாளிக்கும் குரல் மாற்றிப் பேசி, பாடி, இரு கையாலும் பாவைகளை ஆட்டுகிறார். ஜாவாவின் வயாங் கூலித்திலும் தலாங் என்ற ஒருவரே எல்லாப் பாத்திரங்களாகவும் பேசுகிறார். சப்பணமிட்டு உட்கார்ந்தவர் விடியும்வரை எழுவதில்லை. சுத்தியலால் பாவைப்பெட்டியைத் தட்டியே காமெலான் குழுவுக்குச் சைகை கொடுக்கிறார். அங்கே இந்தக் கலை நாட்டின் பெருமை, யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. இங்கே பாவைக்கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போகிறார்கள். இரண்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துக் காட்டி, நடுவில் விவரம் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் விளக்கினால், பார்த்தவர்கள் நம்மூர்ப் பாவையைப் பழைய கண்ணோடு பார்க்கமாட்டார்கள். இதைச் சபாக்கள் செய்யாது. தனியார் தொலைக்காட்சியும் செய்யாது. ஆய்வும் அரங்கமும் ஒரே இடத்தில் உள்ள பல்கலைக்கழகம்தான் செய்ய முடியும்.

பணம் எங்கே என்பார்கள். சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திணறுவதை அறிவோம். அரசு அதைத் தீர்த்தே ஆக வேண்டும். ஆனால் நாம் கேட்பது புதிய கட்டடமல்ல. பதினொரு மணியை ஆறு மணியாக்கச் செலவில்லை. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் தொகையை ஒலிபெருக்கிக்கும் ஒளிப்பதிவுக்கும் திருப்பலாம். வெளிநாட்டு அறிஞர் ஆங்கிலத்தில் பேசினால் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல ஓர் ஆய்வு மாணவர் போதும். செலவழிக்கத் தயங்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கூத்துக் கலைஞருக்கும் பாவைக் கலைஞருக்கும் சொற்பொழிவாளருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியமும் பயணப்படியும் கொடுக்க வேண்டும். அறிஞருக்கு உறையும் கலைஞருக்குச் சாப்பாடும் என்ற வழக்கம் அவமானம்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி வாயிலை மூடுவதும் சரியல்ல. விடுதிப் பகுதியைத் தனியே பிரித்து, அரங்குக்கு மட்டும் வழிவிடப் பாதுகாவலர் சிலர் இருந்தால் போதும். பட்டமளிப்பு விழாவன்று ஆயிரக்கணக்கானோரை உள்ளே விட முடிகிறதே.

எங்கிருந்து தொடங்குவது என்றால், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையே முதலில் கேட்டுக்கொள்கிறோம். பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவபெருமான் ஆடும் கரணங்கள் என்ற ஆடல்நிலைகள் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27க்கு ஒதுக்கிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. பொதுமக்கள் அங்கே ஏறிப் பார்க்க வழியில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே எழுந்த ஜாவாவின் பிரம்பானான் சிவன் கோயிலிலும் ஆடற்சிற்பங்கள் உண்டு, அவையும் கரணங்களே என்று வாதிடும் ஆய்வும் உண்டு. இரண்டு கோயில்களின் படங்களையும் திரையில் காட்டி, அந்த நிலைகளை ஆடிக் காட்ட ஒரு நடனக் கலைஞரை மேடையேற்றி, ஒரு சனிக்கிழமை மாலை பல்கலைக்கழகம் தஞ்சை மக்களை அழைக்கட்டும். அழைப்பிதழைத் துறைகளின் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டாமல், பேருந்து நிலையத்திலும் கீழவாசல் கடைகளிலும் ஒட்டட்டும்.