அரை நூல் பிசகினால்...



முதலாண்டு சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். "தாயின் தொழில்" என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதினேன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் எழுதியது இன்னதென்று தெரியாமலே கீழே கையெழுத்துப் போட்டார். ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் இருபது வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மடிப்புப் பாவாடை தைப்பவர் அவர். டெய்லர் மகன் என்று சொல்ல எனக்கு வெட்கம்!

அந்த வெட்கம் போனது ஒர்க் ஷாப்பில்தான். சின்னச் சின்ன அளவுப் பிழைகள் சேர்ந்து கடைசியில் பெரிய பிழையாவதைச் சார் விளக்கினார். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பட்டது. அம்மா அடிக்கடி சொல்வதுதான்: "அரை நூல் பிசகுனா பாவாடையே போச்சுடா தம்பி."

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்பு 24 இஞ்ச். வெளியே ஒரு இஞ்ச் தெரியும்படி 24 மடிப்பு. முழு மடிப்பு ஒவ்வொன்றும் 3 இஞ்ச் துணியை விழுங்கும். ஆக 72 இஞ்ச். தையலுக்கு விடுவது தனி. இஞ்சுக்கு 8 நூல். மடிப்புக்கு அரை நூல் கூடினால் மொத்தம் 12 நூல், அதாவது ஒன்றரை இஞ்ச்! பாவாடை இடுப்பில் நிற்குமா?

ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட்டும் இதே மடிப்பு வேலைதான். முழு கில்ட்டுக்குச் சுமார் 8 கெஜம் கட்டம் போட்ட கம்பளித் துணி. முன்பக்கம் மடிப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாகம், மடிப்பெல்லாம் பின்பக்கம். மடித்த பிறகும் கட்டம் குலையாமல் தெரிய வேண்டும். இடுப்புக்கு வர வர ஒவ்வொரு மடிப்பும் குறுக வேண்டும். இவற்றையெல்லாம் பழைய தையல் நூல்களில் அளவோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தொழில்நுட்பம் என்று உலகம் மதிக்கிறது. அம்மாவின் கணக்கை யார் எழுதினார்கள்?

"ரெடிமேட் காலத்துல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று ஒரு நண்பன் கேட்டான். ரெடிமேட் கம்பெனியிலும் இதே கணக்குதானே! மெஷின் வேகமாகத் தைக்கும்; மடிப்புக்கு எவ்வளவு துணி விடுவது என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். கொத்தனார் மகன், ஆசாரி மகள், மண்குதிரை செய்பவர் பேரன் என எல்லோரும் இருக்கிறோம். டிராயிங் போடக் கற்ற நாம்தான் அவர்கள் கை அளவுகளை எழுத வேண்டும். இந்த விடுமுறையில் ஆளுக்கொரு நோட்டு போடுவோம். நாம் எழுதாவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

இந்த ஆண்டு ஸ்காலர்ஷிப் படிவம் வந்தது. "தாயின் தொழில்: தையல்" என்று எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதப் போயி எதுக்குடா எழுதுற?" என்றார். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.