மாசிப் பனியும் பங்குனி வெயிலும்

நமது முன்னோர் வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். வடநாட்டாரோ அதற்கு முன்பே வசந்த பஞ்சமி கொண்டாடிவிடுகிறார்கள். எந்தக் கணக்கின்படி பார்த்தாலும் பிப்ரவரியும் மார்ச்சும் சாந்தமான மாதங்கள் என்றுதான் ஏற்பாடு. ஆனால், சூரிய பகவான் சில வருஷங்களாகப் பஞ்சாங்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாரோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

"இந்த வருஷத்தைப் போன்ற வெயிலை நாம் கண்டதே இல்லை" என்று வருஷந்தோறும் சொல்லுவது நம் வழக்கம். சென்ற வருஷத்து வெயில், வியர்வையைத் துடைத்ததும் மறந்துபோகிறது. ஆகையால் இந்த வழக்கில் ஞாபகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

நல்ல வேளையாக, ஏட்டுக்கு நம் தேசத்தில் பஞ்சமில்லை. கப்பலோட்டத்துக்கும் பூகோள அளவைக்கும் உதவுவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அங்கே 1796-ல் வானிலைக் குறிப்பும் எழுதத் தொடங்கினார்கள். இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. தேச முழுமைக்குமான உஷ்ணக் கணக்கு 1901 முதல் வரிசையாக இருக்கிறது.

அந்த வரிசையின் கடைசிப் பக்கங்களைப் பார்ப்போம். 2022 மார்ச் மாதத்தில் தேசத்தின் சராசரிப் பகல் உஷ்ணம் 33.10 டிகிரி. 122 வருஷங்களில் அதற்கு மிஞ்சிய மார்ச் இல்லை. மழையோ, வழக்கமாகப் பெய்யும் 30 மில்லிமீட்டருக்குப் பதில் 9 மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. 2023 பிப்ரவரியில் பகல் உஷ்ணம் 29.54 டிகிரி, பிப்ரவரிகளில் அதுவே முதலிடம். 2025 பிப்ரவரியில் இரவும் பகலும் சேர்ந்த சராசரி 22.04 டிகிரி, அந்தக் கணக்கில் அதற்கு முதலிடம்.

"முதலிடம் என்ன பெரிய விஷயம்? 2010 மார்ச்சில் 33.09 டிகிரி இருந்ததே! நூறில் ஒரு பங்குதானே வித்தியாசம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு வருஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் காய்கிறது என்று பறையடிப்பது பிசகுதான். 2023-லேயே பிப்ரவரி வறுத்தெடுத்த பின், மார்ச்சில் மழையும் ஆலங்கட்டியும் வந்து, விளைந்த பயிரைச் சாய்த்தன. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். உஷ்ணம் வெறும் தற்செயலாக ஏறி இறங்குவதாயிருந்தால், 122 வருஷங்களில் முதலிடம் கடைசி வருஷத்துக்கே விழுவது, 122 சீட்டுக்களில் நம் சீட்டு வருவது போன்றது. நான்கே வருஷங்களுக்குள் மூன்று முறை அதிர்ஷ்டச் சீட்டு ஒரே தெருவுக்கு விழுந்தால், குலுக்கிய பானையைச் சோதிப்பதே புத்திசாலித்தனம்.

இந்தச் சோதனை வானசாஸ்திரிகளின் பொழுதுபோக்கு அல்ல. நம் வீட்டு அடுப்பைப் பற்றியது. வடநாட்டில் நவம்பரில் விதைத்த கோதுமை, பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும்தான் பால் பிடித்து மணி திரளுகிறது. அப்போது குளிர்ந்த இரவுகள் வேண்டும். வெயில் முந்திக்கொண்டால், பயிர் அவசரமாகப் பழுத்துவிடுகிறது. மணி நிறைவதற்கு நாள் போதுவதில்லை. கதிர் பார்வைக்குக் கதிராகவே இருக்கும். கையில் எடுத்தால் மணி சூம்பியிருக்கும்.

2022-ல் அதுதான் நடந்தது. பிப்ரவரியில் 11 கோடியே 13 லட்சம் டன் கோதுமை விளையும் என்று மதிப்பிட்ட சர்க்கார், மே மாதத்தில் அதை 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைத்தது. மே 13-ந் தேதி கோதுமை ஏற்றுமதிக்கே தடை பிறந்தது. பஞ்சாபில் ஒரு மாதம் அடித்த வெயில், கடல் கடந்த தேசங்களின் ரொட்டியையும் தொட்டுவிட்டது.

வெயிலை நாம் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் அது வரும் வழியைத் தெரிந்துகொண்டால், குடியானவன் சில நாள் முந்தி விதைக்கலாம். சூட்டைத் தாங்கும் விதையைத் தேடலாம். மணி திரளும் சமயத்தில் லேசாக ஒரு தண்ணீர் பாய்ச்சலாம். இவற்றுள் எதைச் செய்வது, எப்போது செய்வது என்பதைத் தேசத்தின் சராசரி சொல்லாது. சராசரியில் லாகூல் பனியும் ராஜஸ்தானத்து மணலும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. அவனவன் ஊர்க் குறிப்பு அவனவனுக்கு வேண்டும்.

ஆகையால் ஒவ்வொரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் ஒரு மழைமானியும் ஓர் உஷ்ணமானியும் இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். உஷ்ணமானியை வெயில் படாமல், காற்று உலாவும் இடத்தில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் வைக்க வேண்டும்; இடத்தை மாற்றக் கூடாது. காலை எட்டரை மணிக்கு மழையை அளந்து, உஷ்ணத்தையும் பார்த்து, தேதி போட்டு எழுத வேண்டும். இலாகாவின் நேரமும் அதுவே. ஒன்றும் பெய்யாத நாளில் "மழை இல்லை" என்று எழுதுவதும் அவசியம். எழுதாத நாள், பெய்யாத நாள் ஆகிவிடாது.

முதல் வருஷம் அந்த நோட்டுப் புத்தகம் பிள்ளைகளின் விளையாட்டாகத் தோன்றும். பத்தாவது வருஷம் ஊரார் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். முப்பதாவது வருஷம் அது ஊரின் சொத்து. அன்னியர் கப்பலுக்காகத் தொடங்கிய கணக்கு இன்று நமக்கு உதவுகிறது. நம்முடைய கழனிக்காக நாம் எழுதும் கணக்கு நம் பேரப்பிள்ளைகளுக்கு உதவட்டும்.