வீட்டுக்கடனும் சிக்கனமும்

வட்டியின் பாவத்தை உணர்ந்து, வாங்கிவிட்ட வீட்டுக்கடனை விரைந்து அடைக்க நம்மில் பலர் நிய்யத் வைக்கிறோம். சில மாதங்கள் சிக்கனமாக வாழ்கிறோம். ஒரு கல்யாணம் வந்ததும் பழைய செலவுக்கே திரும்புகிறோம். மிச்சம் பிடித்த பணத்தின் பலனைக் கண்ணால் காணாததே இந்தத் தளர்ச்சிக்குக் காரணம்.

20 இலட்ச ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் எனில் மாதத் தவணை ஏறத்தாழ 18,000 ரூபாய். முதல் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போகிறது; அசலில் குறைவது சுமார் 3,000 ரூபாய்தான். ஆகவே, தொடக்கத்திலேயே இன்னொரு 3,000 ரூபாயை அசலில் செலுத்தினால், இறுதியில் ஏறத்தாழ ஒரு முழுத் தவணையே நீங்கிவிடும். மாறும் வட்டியிலான தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2012இல் உத்தரவிட்டுள்ளது. தவணைத் தொகையை அன்றி, காலத்தைக் குறைக்குமாறு எழுதிக் கொடுப்போம்.

மார்க்கையன்கோட்டையில் நெல் அறுவடைப் பணம் கைக்கு வந்த அன்றே ஒரு பங்கை அசலுக்கு ஒதுக்குவோம். நீங்கிய தவணைகளைப் பிள்ளைகளே நாட்காட்டியில் குறித்து வரட்டும்.

வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையாகச் செலவிடுவோரையே அல்குர்ஆன் (25:67) புகழ்கிறது. ஆகவே ஜகாத்தும் உறவினர் உரிமையும் குறைய வேண்டா. ஆடம்பர விருந்து குறையட்டும்.

கடனோடு இறந்த ஒருவரின் கடனை அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பிறகே நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். அச்சுமையை நம் பிள்ளைகளின் தோளில் விட்டுச் செல்லாதிருப்போமாக!